மூக்கு உடைந்தது மாரமங்கலத்தில், ஒட்டியது சேலத்தில்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போக இரண்டு வழி. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போவது எல்லோருக்கும் தெரிந்த வழி. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் சுற்றி ஏறுவது இன்னொன்று. மே மாதக் கோடை விழாவின்போது ஒரு வழியில் ஏற்றி மறு வழியில் இறக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் குப்பனூர்ச் சாலையில் நெரிசல் கிடையாது. உள்ளூர்ப் பேருந்து, பால் வண்டி, காப்பி மூட்டை ஏற்றிய பிக்கப், அவ்வளவுதான். என் மச்சான் தன் காரை மலையேற்றிப் பார்க்க இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

கார், சான் ஸ்டார்ம். பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ரயில் எஞ்சின் செய்து பழகிய பெங்களூருக் குழுமம் ஒன்று 1990களின் கடைசியில் துணிந்து இறங்கிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். உருவம் வரைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எஞ்சினும் அந்த நாட்டு ரெனோவுடையது: 1149 சிசி, 60 குதிரைத்திறன். மேலே துணிக் கூரை. உடம்பு முழுக்க ஃபைபர், அதாவது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த கலவை. விற்றது கொஞ்சம், இன்று சாலையில் ஓடுவது அதிலும் கொஞ்சம். கம்பெனியில் போய் பம்பர் கொடுங்கள் என்று கேட்க வழியில்லை.

சிறு கம்பெனிகள் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபைபரைத் தேடிப் போவதற்குக் கணக்கு ஒன்று உண்டு. எஃகுத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் டை அச்சுகளுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். லட்சம் வண்டி விற்றால்தான் அது கட்டும். ஃபைபருக்கு ஒரு அச்சும், ரெசின் தடவத் தெரிந்த சில கைகளும் போதும். அமெரிக்காவின் கார்வெட் 1953இல் அப்படித்தான் பிறந்தது. முதல் ஆண்டில் செய்ததே 300 கார்கள். 1957இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி எலீட் காரின் சட்டகத்தையே ஃபைபரில் வார்த்தது. நம் நாட்டில் 80களில் வந்த பெங்களூரு சிப்பானி டால்ஃபினும் ஃபைபர்தான்.

ஸ்டார்மின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு. குப்பனூர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வேகத்தடையையும் குறுக்காகச் சாய்த்து, ஒரு சக்கரம் ஏறி இறங்கியபின் மறு சக்கரம் என்று தாண்டினார் மச்சான். மலை தொடங்கியதும் வண்டிக்கு உயிர் வந்தது. எடை குறைந்த உடம்பு என்பதால் அந்த 60 குதிரைகளே ஏற்றத்துக்குப் போதுமானதாக இருந்தன. கூரையை மடக்கிவிட்டோம். கீழே மூங்கிலும் காய்ந்த புதருமாக இருந்த காடு, மேலே போகப் போகப் பச்சை கட்டியது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைக் காது மடல் உணர்ந்தது.

ஏற்காடு ஏரி, படகுத்துறை, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் வேண்டாம், உள்ளே இருக்கும் கிராமங்களைப் பார்ப்போம் என்று மாரமங்கலம் போகும் சாலையில் திரும்பினோம். மாரமங்கலம் ஏற்காடு வட்டத்தில் ஓர் ஊராட்சி. இங்கே பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுவதையும் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடாக வகுத்து வாழ்ந்தவர்கள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லா நாட்டாரும் உச்சிக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் போனது ஜனவரி. காப்பி அறுவடையின் மத்தியப் பகுதி. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச்செடி, இடையிடையே ஆரஞ்சு, பலா என்று அடுக்கடுக்காகத் தோட்டம். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இப்போது சின்னச் சின்னக் குடும்பத் தோட்டங்களிலும் காப்பி விளைகிறது. வீட்டு முன்னால் சிமென்ட் களம். அதில் சிவப்புப் பழம் காய்ந்து கறுத்துக்கொண்டிருக்கும். பெண்கள் காலால் தள்ளித் தள்ளிக் கிளறிவிடுகிறார்கள்.

மாரமங்கலத்துக்குச் சற்று முன்னால் குறுகிய வளைவு ஒன்று. எதிரே காப்பி மூட்டை ஏற்றிய பிக்கப் இறங்கி வந்தது. மேடேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அந்த பிக்கப்பின் பிரேக்குக்கு விதி தெரிந்திருக்கவில்லை. மச்சான் இடப்பக்கம் ஒடித்தார். மூட்டைகள் எங்களை உரசாமல் போய்விட்டன. எங்கள் வண்டியின் மூக்கு மட்டும் ஓரத்துக் கட்டைச்சுவரில் போய் நின்றது. தகரம் நசுங்கும் சத்தம் இல்லை. ஓட்டு வீட்டில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது முன்பக்கத்தில், விளக்குக்குக் கீழே, இரண்டு கை அகலத்துக்கு உடம்பு இல்லை. துண்டுகள் சாலையோரச் சாக்கடையிலும் காப்பிச்செடி வேரிலும் கிடந்தன. உடைந்த விளிம்பில் வெள்ளை வெள்ளையாக இழை துருத்திக்கொண்டு நின்றது. பானெட்டில் அடிபட்ட இடத்திலிருந்து நட்சத்திரம் போட்டது போல மயிரிழை விரிசல்கள்.

கூட்டம் கூடியது. பிக்கப் ஓட்டியவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது ஒரு இளைஞர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, உடைந்த விளிம்பை விரலால் நெருடினார். "மேட்டும் பாலியெஸ்டரும்ண்ணா. கையில போட்டது" என்றார். மேட் என்றால் கண்ணாடி இழை விரிப்பு, பாலியெஸ்டர் அதில் ஏற்றும் ரெசின். நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். சென்னைப் பக்கம் காற்றாலை இறக்கை செய்யும் ஆலையில் ஒப்பந்த வேலையில் இருந்தவராம். காப்பி எடுக்க ஊருக்கு வந்திருக்கிறார். காற்றாலையின் இறக்கையும் கண்ணாடி இழைதான். ஸ்போர்ட்ஸ் காரை அவர் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டிருப்பார். ஆனால் அந்தப் பொருளை அவர் கை பல நூறு முறை தொட்டிருக்கிறது.

முதலில் அவர் சொன்னது: "ஒரு துண்டைக்கூட விடாதீங்க. எல்லாத்தையும் பொறுக்குங்க." சிறுவர்கள் காப்பிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, நகத்தளவுச் சில்லு உட்பட அனைத்தையும் அதில் போட்டார்கள். தகடு நசுங்கினால் அது நீண்டு, வளைந்து, பழைய வடிவத்தை மறந்துவிடும். ஃபைபர் அப்படி இல்லை. ஒன்று நெளிந்து திரும்பிவிடும், இல்லையானால் உடையும். உடைந்த துண்டு தன் வளைவை அப்படியே வைத்திருக்கும். உதிரிபாகம் கிடைக்காத காருக்கு அந்தத் துண்டுகளைவிட நல்ல அச்சு வேறு எது?

அடுத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து பானெட்டை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டிங்' என்று தெளிவான ஒலி. சுவரில் மோதிய இடத்தை நெருங்க நெருங்க 'டொக்' என்று செத்த ஒலி. அங்கே மேல்பூச்சு முழுதாகத் தெரிந்தாலும், உள்ளே இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டன என்று பொருள். செத்த ஒலி கேட்ட எல்லைவரை சாக்பீஸால் கோடு போட்டார். கண்ணுக்குத் தெரிந்த உடைப்பைவிட அந்தக் கோட்டுக்குள் இருந்த பரப்பு இரண்டு மடங்கு.

ஃபைபர் தோலுக்கு அடியில் எஃகுச் சட்டம் இருக்கிறது. அது கோணியிருந்தால் மேலே என்ன ஒட்டினாலும் பயனில்லை. பார்க்கச் சமதளம் வேண்டும். மலையில் சமதளத்துக்கு எங்கே போவது? காப்பிக் களம்தான் அந்த ஊரின் சமதளம். ஒரு வீட்டில் காய்ந்த காப்பியை ஓரமாக ஒதுக்கி இடம் விட்டார்கள். கொத்தனார் வீட்டிலிருந்து தூக்குக்குண்டு வந்தது. சட்டத்தின் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று இணையான துளைகளிலிருந்து நூலை விட்டு, குண்டு தொட்ட இடங்களில் தரையில் புள்ளி வைத்தார்கள். வண்டியைத் தள்ளிவிட்டு, முன்னிடப் புள்ளியிலிருந்து பின்வலப் புள்ளிக்கும், முன்வலத்திலிருந்து பின்னிடத்துக்கும் நூல் பிடித்து அளந்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. மச்சானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெரிய சர்வீஸ் சென்டர்களில் லேசர் வைத்துப் பார்ப்பதும் இந்தக் குறுக்களவுக் கணக்கைத்தான்.

"இங்கேயே ஒட்டிவிட முடியாதா?" என்று கேட்டேன். இளைஞர் வானத்தைக் காட்டினார். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பாலியெஸ்டர் ரெசின் தானாக உலர்வதில்லை. ஹார்டனர் கலந்ததும் வேதிவினை நடந்து, சூடேறி, இறுகுகிறது. காற்று 15 டிகிரிக்குக் கீழே போனால் அந்த வினை சோம்பிவிடும்; ஈரம் சேர்ந்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அவசரப்பட்டு ஹார்டனரைக் கூட்டினால் இறுகியபின் நொறுங்கும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு என்பதுதான் அளவு. "சேலத்து வெயில்ல பண்ணுங்கண்ணா. அங்க பத்து நிமிஷத்துல இறுக ஆரம்பிச்சிடும்" என்றார்.

அன்றிரவு அந்தக் களத்து வீட்டிலேயே தங்க வைத்தார்கள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும். விடிந்ததும் வெல்லம் போட்ட வரக்காப்பி, அவர்களே வறுத்து இடித்த தூளில். ஏற்காட்டு விடுதிகளில் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத காப்பி. பணம் கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார்கள். மிளகு ஒரு கிலோ விலைக்கு வாங்கியதில்தான் எங்கள் மனம் சமாதானமானது. உடைந்த விளிம்பு டயரில் உரசாதபடி கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, டேப் சுற்றி, வெளிச்சம் வந்தபின் இறங்கினோம்.

சேலத்தில் நெடுநாள் தொழில் செய்யும் டிங்கர் ஒருவரிடம் முதலில் காட்டினோம். ஒரு காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களுக்கு வேலை செய்தவர். அதன் முன்பக்கம் மொத்தமாகத் திறக்கும், பேனல்களைப் போல்ட் கழற்றித் தனியே எடுத்துவிடலாம் என்று கண்கள் மின்னச் சொன்னார். தகட்டில் ஒடுக்கு விழுந்தால் உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டுவார். நீண்டுபோன தகட்டை கேஸ் வெல்டிங் நெருப்பில் சிறு வட்டமாகச் சிவக்கவைத்து ஈரத்துணி ஒற்றிச் சுருக்குவார். எங்கள் வண்டியைத் தட்டிப் பார்த்தவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு நம்ம சுத்தியல் ஆகாதுங்க. பட்டி வச்சு மூடிக் கொடுக்கிறேன்னு யாராச்சும் சொன்னா அங்க விடாதீங்க. தண்ணித் தொட்டி செய்யற ஃபைபர்காரங்ககிட்ட போங்க." தன்னால் ஆகாது என்று சொல்லி அனுப்பத் தெரிந்தவரே நல்ல தொழிலாளி.

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை ஒன்றில் தண்ணீர்த் தொட்டி, கடைப் பெயர்ப்பலகை, பூங்காச் சறுக்குமரம் எல்லாம் ஃபைபரில் செய்கிறார்கள். அங்கே சாக்கைக் கவிழ்த்ததும் வேலை தொடங்கியது. துண்டுகளைக் கழுவிக் காயவைத்து, வெளிப்பக்கமிருந்து டேப்பால் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். சில்லு காணாமல்போன இடங்களில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டையை வளைத்து முட்டுக்கொடுத்தார்கள்.

பிறகு உள்பக்கம் படுத்துக்கொண்டு தேய்ப்பு. இதுதான் வேலையின் உயிர். விரிசலின் மேல் அப்படியே மேட் ஒட்டினால் அது பிளாஸ்திரி. நாளைக்கே உரிந்து வரும். விரிசலின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். தடிமன் ஒரு பங்கு என்றால் சரிவு 12 பங்கு. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர். பழைய இழையும் புதிய இழையும் அந்தச் சரிவில்தான் கைகோக்கின்றன. தூசி தோலில் பட்டால் நாள் முழுதும் அரிக்கும். கைக்கு டால்கம் பவுடர் பூசிக்கொண்டு, முகத்தைக் கட்டிக்கொண்டு தேய்த்தார்கள்.

ரெசினைக் காகிதக் கப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள். தெர்மோகோல் கப்பில் ஊற்றினால் கப்பே கரைந்துவிடும். ஒரே வாளியில் மொத்தமாகக் கலந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். வினையை முடுக்கும் கோபால்ட்டை முதலிலேயே ரெசினில் கலந்து வைத்திருந்தார்கள். அதையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடிக்கும் என்பதால் இரண்டு புட்டியும் கொட்டகையின் இரண்டு மூலையில். மேட்டைக் கிழித்து வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசினை ஏற்றி, உருளையால் காற்றுக் குமிழியை விரட்டினார்கள். அடுக்கின் மேல் அடுக்கு. உள்பக்கம் இறுகியதும் வெளிப்பக்கம் டேப்பை உரித்து, அங்கேயும் மெல்லிய சரிவு தேய்த்து, மேலடுக்கு. மாரமங்கலத்து இளைஞர் போட்ட சாக்பீஸ் கோட்டை அவர்கள் அழிக்கவே இல்லை. கோட்டுக்குள் இருந்த செத்த பகுதி மொத்தத்தையும் தேய்த்தெடுத்துப் புதிதாகப் போட்டார்கள்.

பெயிண்ட் அடிக்க மச்சான் பறந்தார். கொட்டகைக்காரர் விடவில்லை. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். இறுகியதுபோல் தெரிந்தபின்னும் பல நாள் மெல்ல மெல்லச் சுருங்கும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் பளபளப்பு ஒரு மாதம் நிற்கும், பிறகு உள்ளே இருக்கும் இழையின் வரி வெளியே எழுந்துவிடும். வண்டியை வெயிலில் நிறுத்தி வையுங்கள், சேலத்து வெயில் ஓசியில் கிடைக்கிறது என்றார். அப்படியே நிறுத்தினோம். அதன்பிறகு மெல்லிய பட்டி, வாட்டர் பேப்பர், பிரைமர், பெயிண்ட். தகட்டுக் காரைப் போல சூடேற்றும் அறையில் ஏற்றிச் சுடவில்லை. ஃபைபருக்குள் சிக்கிய காற்று சூட்டில் விரிந்தால் கொப்புளம் கிளம்பும்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து ஆண்டு தாண்டிய காரின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பாலிசி போடும்போதே அதைப் பேசிவிடுங்கள். மாற்றும் உதிரிபாகத்தில் தேய்மானக் கழிவு இப்படி: பத்து ஆண்டு தாண்டிய வண்டியின் உலோகத்துக்கு 50 சதவீதம், ரப்பர் பிளாஸ்டிக்குக்கு 50, கண்ணாடி இழைக்கு 30, கண்ணாடிக்குக் கழிவே இல்லை. ஆக, வயதான வண்டியில் எஃகைவிட ஃபைபருக்குக் கழிவு குறைவு. பெயிண்ட் பொருட்செலவில் பாதி கழிப்பார்கள். அடிபட்ட இடத்திலேயே படம் எடுத்து, தகவல் சொன்னபின்தான் கைவைக்க வேண்டும். அடிக்கிற பெயிண்ட் வேறு நிறமென்றால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கம்பெனியையும் டீலரையும் தேடி அலைகிறார்கள். கம்பெனி போய்விட்டது, பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைத் தெரிந்த கை காற்றாலைக்கு இறக்கை செய்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுக்கு ஒட்டுப் போடுகிறது, உங்கள் ஊர் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி வார்க்கிறது. காரைத் தெரிந்தவரைவிட அதன் உடம்பு எதனால் ஆனது என்று தெரிந்தவரே இங்கே மெக்கானிக். குப்பனூர்ச் சாலையில் போகிறவர்கள் கூட்டம் இல்லையே என்று விரைய வேண்டாம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடியுங்கள், மூடுபனி இறங்குமுன் மலையிறங்குங்கள். அப்படியும் அடிபட்டால், உடைந்த துண்டு ஒன்றைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.